விசாவுக்கு முன் ஒரு கேள்வி

வன்னியிலிருந்து கலாநிதி ஆய்வுக்கு வெளிநாடு போக விரும்பும் நம் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த நாட்டில ஸ்கொலசிப் கிடைக்கும் சேர்?" என்பதுதான். "உங்கட ஆய்வுக் கேள்வி என்ன?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆய்வு முன்மொழிவு கேட்பார்கள். என்ன கேள்வி, எந்தச் சான்று, எந்த முறை என்பதைச் சில பக்கங்களில் சொல்ல வேண்டும். அதைப் பார்த்தே ஒரு பேராசிரியர் மேற்பார்வைக்கு இணங்குவார்.

அந்தக் கேள்வி நம் ஊரிலேயே இருக்கலாம். மன்னாரைச் சேர்ந்த மர்ஹூம் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். கற்ற புவியியலைக் கொண்டு, 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் காணி, மீள்குடியேற்றம் பற்றி ஆராய்ந்தார். 2018இல் வபாத்தானார்.

முல்லைத்தீவு நீராவிப்பிட்டி போன்ற ஊர்களிலிருந்து அன்று பிள்ளைகளோடு வெளியேறிய பெற்றோர் இன்று முதியவர்கள். காணி உறுதியைத் தொலைத்தவர்களுக்கு மிஞ்சியது ஞாபகம்தான். விசாவுக்கு ஓட முன்னம் அவர்களிடம் போய் இருந்து, கேட்டு, பதிந்து வையுங்கள். அந்தச் சான்றை லண்டன் நூலகத்தில் தேடிப் பயனில்லை.