கிராஃபிக்ஸ் கார்டு காணாமற் போனால்...

வீட்டிலிருந்தவாறே திருமண அழைப்பிதழும் ஃபிளெக்ஸ் பேனரும் வடிவமைத்துப் பொருளீட்டும் சகோதரிகள் இன்று உப்பிலியபுரம் போன்ற சிற்றூர்களிலும் உள்ளனர். அவர்களுடைய கணிப்பொறி பெரும்பாலும் பழையதாகவே வாங்கப்பட்டிருக்கும். ஒருநாள் அது தன்னுள் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டையே அறியாததுபோல் நடந்துகொண்டால் வேலை முழுவதும் நின்றுவிடுகிறது. துறையூருக்கோ திருச்சிக்கோ பெட்டியைத் தூக்கிச் சென்றால், "கார்டு போய்விட்டது, புதிது போடுங்கள்" என்னும் விடை எளிதாகக் கிடைக்கும். அவ்விடை மெய்யாகவும் இருக்கலாம். ஆயின் காசு செலவின்றி நீங்கக்கூடிய காரணங்களும் பல உண்டு. அவற்றை முதலில் பார்த்துவிடுவதே முறை.

நோய் இருவகைப்படும். ஒன்று, திரையில் எதுவுமே தோன்றாமை. மற்றொன்று, படம் தெரிந்தும் கார்டின் பெயர் கணிப்பொறியில் இல்லாமை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

திரை இருண்டிருந்தால் மானிட்டரின் கம்பி எங்கே செருகப்பட்டுள்ளது என்று பெட்டியின் பின்புறம் பாருங்கள். மேற்பகுதியில் யுஎஸ்பி துளைகளுக்கு அருகில் இருப்பது மதர்போர்டின் துளை. கீழே குறுக்காக இருப்பதே கார்டினுடையது. இன்டெல் பிராசஸரின் பெயர் 'எஃப்' என்னும் எழுத்தில் முடிந்தால், எடுத்துக்காட்டாக ஐ5-12400எஃப் என்றிருந்தால், அதனுள் படம் காட்டும் பகுதியே கிடையாது. அத்தகைய கணிப்பொறியில் மேல்துளையில் கம்பியைச் செருகி விடியவிடியக் காத்திருந்தாலும் திரை ஒளிராது.

அடுத்தது மின்சாரம். கார்டு அமரும் ஸ்லாட் தரக்கூடிய மின்திறன் அதிக அளவாக 75 வாட் மட்டுமே. அதற்குமேல் வேண்டும் கார்டுகளுக்கு எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து தனிக் கம்பி வரவேண்டும்: ஆறு முனைக் கம்பி 75 வாட்டும், எட்டு முனைக் கம்பி 150 வாட்டும் தரும். எமது மதரஸாவில் ஓதும் மாணவி ஒருத்தியின் தாயார், "கார்டு எரிந்துவிட்டது என்கிறார்கள் ஹஜ்ரத், புதிதுக்குப் பதினெட்டாயிரமாம்" என்று கலங்கி வந்தார். கல்யாண மாதம், கையில் அழைப்பிதழ் வேலைகள் நிறைய. மகளின் கல்லூரிக் கட்டணமும் அந்த வருவாயில்தான். பெட்டியைத் திறந்து பார்த்தபோது காரணத்தைக் கண்டுபிடித்தவள் அம்மாணவியே. எட்டு முனைக் கம்பி பல எஸ்எம்பிஎஸ்களில் ஆறும் இரண்டுமாகப் பிரிந்திருக்கும். ரமலானுக்கு முன் வீட்டைத் தூய்மை செய்கையில் பெட்டியையும் துடைத்தவர்கள் ஆறு முனையை மட்டும் செருகிவிட்டனர். இரண்டு முனை தனியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சேர்த்து அழுத்தியதும் திரை ஒளிர்ந்தது.

பெட்டியைத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்துங்கள். எஞ்சிய மின்சாரம் வடியும். பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டபின் கார்டைத் தொடுங்கள். ஸ்லாட்டின் முனையிலுள்ள சிறு கொக்கியை விடுவித்தே கார்டை எடுக்கவேண்டும். வலிந்து இழுத்தால் ஸ்லாட்டே உடையும். கனமான கார்டுகள் நாளடைவில் ஒருபக்கம் சாய்ந்து தொடர்பு விட்டுப்போவதும் உண்டு. பொன்முலாம் பூசிய முனைகளை ரப்பரால் தேய்ப்பது நம்மூர்ப் பழக்கம். மென்மையாகச் செய்தால் கேடில்லை. பள்ளிச் சிலேட்டைத் துடைப்பதுபோல் தேய்த்தால் முலாமே போய்விடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணி அதனினும் நன்று. கார்டை மீண்டும் பொருத்தும்போது கொக்கி 'டிக்' என்று விழும்வரை அழுத்துங்கள்.

இத்தனைக்கும் பின்னர் திரை இருண்டேயிருந்தால் பயாஸ் அமைப்பை எண்ணிப்பார்க்கலாம். யுஇஎஃப்ஐ முறையை அறியாத மிகப் பழைய கார்டுகள், சிஎஸ்எம் என்னும் அமைப்பு அணைக்கப்பட்ட புதிய மதர்போர்டில் படம் காட்டமாட்டா. மின்சாரத்தைத் துண்டித்து, சிஆர்2032 என்னும் காசுவடிவ பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்தால் பயாஸ் அமைப்புகள் தொடக்கநிலைக்குத் திரும்பும்.

படம் தெரிந்து கார்டின் பெயர் மட்டும் இல்லாவிடில் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்றிருந்தால், உரிய டிரைவர் இல்லை என்பதே பெரும்பாலும் பொருள். கார்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்குங்கள். 'கோட் 43' என்று வந்தாலும் டிரைவரை நீக்கி மீண்டும் நிறுவிப் பார்த்தபின்னரே கார்டை ஐயுறுங்கள்.

பழைய கார்டு வாங்குவோர்க்கு ஒரு சொல். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்னும் மின்னணு நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டது. அதுவரை அதை ஈட்ட இரவுபகலாக உழைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றுட் சிலவற்றில் கார்டின் உள்மென்பொருளே மாற்றப்பட்டிருந்தது. அத்தகையவற்றை டிரைவர் ஏற்க மறுப்பதுண்டு.

முடிவில் கடைக்குத்தான் போகவேண்டுமெனில், கார்டைச் சாதாரண நெகிழிப்பையில் சுற்றாமல், மின்னேற்றம் தடுக்கும் பையில் கொண்டுசெல்லுங்கள். உங்கள் கண்முன்னே அதை வேறொரு கணிப்பொறியில் செருகிக் காட்டுமாறு கேளுங்கள். அங்கே வேலை செய்தால் குறை உங்கள் ஸ்லாட்டிலோ எஸ்எம்பிஎஸ்ஸிலோ இருக்கிறது. அங்கும் வேலை செய்யாவிடில், பணத்தை எடுக்குமுன் பழைய ரசீதைத் தேடி வாரண்டி நாள் எஞ்சியுள்ளதா என்று பாருங்கள்.