ஸ்திரீபார்ட்டும் ‘டிராக் குயீ’னும்

(நமது தாதர் நிருபர்)

ஆண் ஒருவர் பெண் வேடம் பூண்டு மேடையில் ஆடிப்பாடினால், ஆங்கிலத்தில் அவரை "டிராக் குயீன்" என்கிறார்கள். பெயர் புதிதாகத் தெரியலாம். சங்கதி பழையது. நம் தாத்தா காலத்து "ஸ்திரீபார்ட்" அதற்கு நெருங்கிய உறவு!

"டிராக்" என்றால் இழுப்பது. "குயீன்" என்றால் ராணி. பெண் வேடக்காரரின் நீண்ட பாவாடை தரையில் இழுபட்டதால், 1870-ம் ஆண்டையொட்டி இங்கிலாந்து நாடகக்காரர்கள் அந்த உடையை அப்படி அழைத்தார்கள் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். வழக்கமோ இன்னும் பழையது. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் பெண்ணாக நடித்தவர்கள் சிறுவர்களே. ஜப்பானில் 1629-ல் பெண்கள் மேடை ஏறத் தடை வந்தது. பின்னர் பெண் வேடம் ஏற்ற ஆண்களுக்கு "ஒன்னகாதா" என்று பெயர்.

இரு மொழி, ஒரு சொல்

ராஜபார்ட், கள்ளபார்ட், ஸ்திரீபார்ட் என்பது நம் நாடகக் கம்பெனிகளின் வழக்கு. "ஸ்திரீ" வடமொழி, "பார்ட்" ஆங்கிலம். மராத்தியிலும் "ஸ்த்ரீ பார்ட்டி" என்றே சொன்னார்கள்!

அந்த வேடத்தில் புகழின் உச்சிக்குச் சென்றவர் பால கந்தர்வர். இயற்பெயர் நாராயண் ராஜ்ஹன்ஸ். அவர் உடுத்திய புடவையையும் நகையையும் பார்த்து மராட்டியப் பெண்கள் தங்களை அலங்கரித்துக்கொண்டார்கள். 1964-ல் பத்மபூஷண் விருது பெற்றார்.

நம்மவர் டி.கே.சண்முகம் அவ்வையார் வேடம் போட்டு "அவ்வை சண்முகம்" ஆனார். சென்னையில் ஒரு சாலைக்கே அந்தப் பெயர். சிவாஜி கணேசனும் சிறுவயதில் பெண் வேடம் போட்டவர்தான்.

மாலையும் கேலியும்

எல்லோருக்கும் இந்த மரியாதை கிடைக்கவில்லை. தமாஷா ஆட்டத்தில் பெண் சாயலில் ஆடும் "நாச்யா"வை மேடையில் ரசித்தவர்களே தெருவில் ஏளனம் செய்தார்கள். 2010-ல் வந்த "நடரங்" மராத்திப் படம் இந்த வேதனையைச் சொல்கிறது. நம் தெருக்கூத்துப் பெண் வேடக்காரர்களும் இதை அறிவார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஸ்திரீபார்ட் நடிகர் அரிதாரத்தைக் கலைத்தால் வேடம் முடிந்தது. திருநங்கைக்கு அது வேடமல்ல, வாழ்க்கை. 2014-ல் சுப்ரீம் கோர்ட்டும் அவர்களை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்துவிட்டது. ஆனால் இருவரையும் ஒரே எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டுச் சிரிப்பவர்கள் தாதர் பிளாட்பாரத்திலும் இருக்கிறார்கள், தாராவிச் சந்திலும் இருக்கிறார்கள்.

கலைஞரை ஸ்திரீபார்ட் என்போம். திருநங்கையைத் திருநங்கை என்போம். நல்ல சொல் இருக்கும்போது, அந்த எண் நமக்கு எதற்கு?