நீரோடும் கணினி



திருச்சிராப்பள்ளியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்திலே 2022ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் ஒரு மீக்கணினி திறந்துவைக்கப்பட்டது. அதற்கு இட்ட பெயர் 'பரம் பொருள்'. இந்திய நாட்டின் மீக்கணினிகள் பலவும் 'பரம்' என்னும் முன்மொழியைத் தாங்கி நிற்பன. தமிழ்நாட்டில் அமைந்த இதற்குப் 'பொருள்' என்பதைச் சேர்த்தார்கள். இரண்டையும் ஒருசேரப் படிக்கும் சித்தாந்த மாணவர் ஒரு கணம் கைகூப்பிவிடவுங் கூடும். பெயரின் நயம் ஒருபுறம் இருக்க, நான் இன்று எடுத்துக்கொண்ட விடயத்துக்கு வேண்டியது அதன் உள்ளமைப்பே. விநாடிக்கு ஏறத்தாழ 838 இலட்சங்கோடிக் கணக்குகளைச் செய்யும் ஆற்றல் அதற்கு உண்டு. வழக்கமான செயலிகளோடு கிராபிக்ஸ் செயலிகளும் அதில் அணிசேர்ந்து உழைக்கின்றன. அவ்வுழைப்பிலே பிறக்கும் வெப்பத்தை அகற்றுவது விசிறிக் காற்று மட்டுமன்று. செயலிகளை ஒட்டியமைந்த தகடுகளின் ஊடாக ஓடும் திரவமும் ஆகும்.

இதே முறையைச் சிறிய அளவிலே தம் வீட்டு மேசையின்மேல் அமைத்துக்கொள்ளும் இளைஞர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். கணினி விளையாட்டில் ஈடுபட்டவர்களே இதனை முதலிற் பரப்பினர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், மீன்தொட்டிக்குரிய பம்பியையும் பழைய மோட்டார் வண்டியிலிருந்து கழற்றிய ரேடியேற்றரையும் கொண்டு அவர்கள் இதனைச் செய்து பார்த்தார்கள். இன்று இதற்கென்றே உறுப்புக்கள் விற்பனைக்கு வருகின்றன.

நம் கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்கும் இந்நாளில், கண்டாவளைப் பிள்ளைகளிடமிருந்தும் இத்தகைய வினாக்கள் எழுவதில் வியப்பில்லை. எமது பாடசாலையில் உயர்தரம் பயின்று சென்ற இளைஞன் ஒருவன் அண்மையில் என்னிடம் வந்தான். கனடாவிலுள்ள தமையனார் கணினி வாங்கப் பணம் அனுப்புகிறாராம். "சேர், கிராபிக்ஸ் அட்டை ஒன்று போடுவதா, இரண்டு போடுவதா?" என்று கேட்டான். "தம்பி, விளையாட்டுக்கோ, வேலைக்கோ?" என்றேன். "இரண்டுக்குந்தான் சேர், கலியாண வீட்டு வீடியோக்கள் வெட்டி ஒட்டிக் கொடுக்கிறேன். முப்பரிமாணப் படம் செய்யவும் பழகுகிறேன்" என்றான். ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு இவ்வினாவின் விடையிலே தங்கியிருக்கிறது. ஆதலால் இதனைச் சற்று விரிவாகவே நோக்குவோம்.

திரையிலே படம் வரைவதற்கு ஓர் அட்டை போதாதபோது இரண்டை இணைப்பது பழைய உபாயம். 1998இல் வெளிவந்த வூடூ 2 என்னும் அட்டைகள் இரண்டை இணைத்தால், ஒன்று திரையின் ஒற்றைப்படை வரிகளை வரையும்; மற்றது இரட்டைப்படை வரிகளை வரையும். பின்னர் 2004இல் என்விடியா நிறுவனமும் அடுத்த ஆண்டில் ஏ.டி.ஐ. நிறுவனமும் புதிய இணைப்பு முறைகளைக் கொணர்ந்தன. அவற்றிலே பெரிதும் கையாளப்பட்டது, ஒரு முழுப்படத்தை முதல் அட்டையும் அடுத்த முழுப்படத்தை இரண்டாவது அட்டையும் மாறிமாறி வரைவதாகும். கேட்பதற்கு நன்றாயிருக்கிறது. ஆனால் ஒரே ஏரில் நடைவேகம் ஒவ்வாத இரு மாடுகளைப் பூட்டினாற்போல, படங்கள் சீரான இடைவெளியில் வராமற் போயின. கணக்கிலே வேகம் கூடிய போதிலும் கண்ணுக்குத் தடுமாற்றமே தெரிந்தது. மேலும், அட்டை ஒவ்வொன்றிலும் 24 ஜிகாபைற்று நினைவகம் இருந்தாலும், விளையாட்டிலே இரண்டும் ஒரே காட்சியைத் தத்தம் நினைவகத்தில் வைத்திருக்க வேண்டுமாகையால் அது 48 ஆகிவிடாது. விளையாட்டை எழுதுவோரும் இதற்கெனத் தனியாக உழைக்க வேண்டியிருந்தது. அவர்கள் மெல்ல மெல்ல அதனைக் கைவிட்டார்கள். 2020இல் வந்த ஆர்.ரி.எக்ஸ். 3090 அட்டையிலே இணைப்புப் பாலத்துக்கு இடம் இருந்தது. 2022இல் வந்த 4090இல் அது இல்லை.

எனவே விளையாட்டுக்காக இரண்டு அட்டை வாங்குவது இன்று வீண்செலவு என்றே நான் அவ்விளைஞனுக்குக் கூறினேன். முப்பரிமாணப் படவேலையோ வேறு வகைத்து. இலவசமாகக் கிடைக்கும் பிளென்டர் போன்ற மென்பொருள்கள், பாலம் எதுவும் இன்றியே, வேலையை அட்டைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும். இரண்டு அட்டை இருந்தால் ஏறத்தாழ அரைப்பங்கு நேரத்தில் வேலை முடியும். வருவாய் தரும் தொழிலுக்கு அது பொருந்தும்.

சரி, இரண்டு அட்டை என்று துணிந்துவிட்டால் நீர் எதற்கு? 3090 போன்ற ஓர் அட்டை முழுமூச்சாய் உழைக்கையில் 350 வாற்று மின்னை உட்கொள்ளும். இரண்டுக்கும் 700; மத்தியச் செயலிக்கு 200 என்று கொண்டால் 900 வாற்று. உட்சென்ற மின் அனைத்தும் ஈற்றில் வெப்பமாகவே வெளிவரும். ஏறக்குறைய ஒரு மின்னழுத்தியை ஒரு பெட்டிக்குள் ஓயாது எரியவிடுவதை ஒக்கும் இது. விசிறி பூட்டிய தடித்த அட்டைகள் இரண்டும் நெருங்கி அமர்ந்தால், மேலுள்ளது கீழுள்ளது கக்கிய சூட்டையே உள்ளிழுக்கும். விசிறியைக் கழற்றிவிட்டு மெல்லிய செப்புத் தகட்டுக் கட்டியைப் பொருத்தினால் அட்டை ஒடுங்கும், வெப்பமும் வேறிடத்துக்குக் காவிச் செல்லப்படும்.

நம் வயல்களிலே உழும் லாண்ட்மாஸ்ரர் இயந்திரத்துக்கு நீர் ஊற்றாத கமக்காரர் உண்டோ? அங்கே நீர் செய்யும் தொழிலையே இங்கும் செய்கிறது. ஒரே கனவளவான காற்றோடு ஒப்பிட்டால், நீர் ஒரு பாகை சூடேறுவதற்குள் மூவாயிரம் மடங்குக்கும் மேற்பட்ட வெப்பத்தை ஏற்றுக்கொள்ளும். நான் கலைப் பட்டதாரி; ஆயினும் பின்வரும் கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்கேயாகும். நிமிடத்துக்கு நான்கு இலீற்றர் நீர் சுற்றிவருமாயின், 900 வாற்று வெப்பம் அந்நீரைச் சுற்று ஒன்றுக்கு மூன்று பாகைக்குச் சற்று அதிகமாகவே சூடேற்றும், அவ்வளவே. முதலில் எந்த அட்டைக்கு நீர் செல்லவேண்டும் என்று இளைஞர்கள் இராப்பகலாய் விவாதிப்பது எவ்வளவு தேவையற்றது என்பது இதனால் விளங்கும்.

இனி அமைக்கும் முறை. நீர்த்தாங்கி, அதற்குக் கீழே பம்பி, பின்னர் செப்புக் கட்டிகள், ரேடியேற்றர், மீண்டும் தாங்கி என்று வட்டம் முடியவேண்டும். தாங்கி பம்பிக்கு மேலே இருத்தல் இன்றியமையாதது. நீரின்றி ஓடிய பம்பி விரைவிற் பழுதாகும். செப்புக் கட்டிகளோடு அலுமினிய ரேடியேற்றரைச் சேர்த்தல் கூடாது. இரு வேறு உலோகங்கள் ஒரே நீரிற் கிடந்தால் அது மின்கலம் போலாகி, அலுமினியம் அரித்துப்போகும். கிணற்று நீர் கூடவே கூடாது. நம் பகுதிக் கிணற்று நீரைக் காய்ச்சும் கேத்தலின் அடியைப் பார்த்தவர்க்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. காய்ச்சி வடித்த நீரும், பாசி படியாதிருக்கவும் உலோகம் அரியாதிருக்கவும் உரிய மருந்தும் வேண்டும். நூறு வாற்றுக்கு 120 மில்லிமீற்றர் விசிறி ஒன்றுக்குரிய ரேடியேற்றர்ப் பரப்பு என்று அனுபவசாலிகள் கணக்கிடுவர். நம் உதாரணத்துக்கு ஒன்பது விசிறி.

நீர் நிரப்பியதும் கணினியை இயக்கிவிடக் கூடாது. 2018 திசெம்பரில் இரணைமடுவின் கதவுகள் திறக்கப்பட்டபோது வெள்ளத்தைக் கண்ட கண்டாவளைக்கு, நீர் தன் வழியை விட்டு வெளியேறினால் யாது நேரும் என்பதை நான் கற்பிக்க வேண்டியதில்லை. மற்றைய உறுப்புக்களுக்கு மின் கொடாது பம்பியை மாத்திரம் ஒருநாள் முழுதும் ஓடவிட்டு, மூட்டுக்கள் தோறும் வெள்ளைக் கடதாசியை வைத்துப் பார்த்தல் வேண்டும். ஒரு துளி ஈரம் தெரிந்தாலும் அம்மூட்டைக் கழற்றி, இறப்பர் வளையத்தைச் சோதித்தல் வேண்டும். அட்டையின் விசிறியைக் கழற்றினால் உத்தரவாதம் இழக்கப்படலாம் என்பதையும் வாங்குமுன் விசாரித்தறிதல் நன்று.

இளைஞர் சிலர் நீரைக் குளிரூட்டும் பொறியென்று எண்ணிவிடுகின்றனர். ரேடியேற்றர் அறைக்காற்றுக்கு வெப்பத்தைக் கையளிப்பதேயன்றி, அறையிலும் குளிர்ந்த நீரை ஒருபோதும் தராது. வெயிற்காலத்து நண்பகலிலே நம் அறை 34 பாகையாயிருந்தால், நீர் பத்துப் பாகை மேலேறி 44 ஆகும். அப்போதும் செயலி பாதுகாப்பான எல்லைக்குள் இருக்கும்; ஆனால் அந்த 900 வாற்றும் அறைக்குள்ளேயே தங்கும். யன்னலைத் திறந்தால் சோளகத் தூசி ரேடியேற்றரின் இதழ்களை அடைத்துவிடும். மாதம் ஒருமுறையாவது அதனைத் தூரிகையாலே துடைத்துவர வேண்டும்.

மின் கட்டணத்தையும் கணக்கிட்டுப் பார்த்தோம். மின்வழங்கியின் இழப்பையும் ஏனைய உறுப்புக்களையும் சேர்த்து 1,100 வாற்று என்று கொண்டு, நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலம் ஓட்டினால், மாதத்துக்கு ஏறத்தாழ 100 அலகு. வீட்டின் மற்றப் பாவனைக்கு மேலே ஏறும் அலகுகள் இவை. கட்டணமோ அலகு ஏற ஏறக் கூடுதலான வீதத்தில் அறவிடப்படுவது. அவ்விளைஞன் அதனைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டான். இப்போதைக்கு ஓர் அட்டையும், இரண்டாவதற்கு இடம் விட்ட தாய்ப்பலகையும், இரண்டையும் தாங்கக்கூடிய மின்வழங்கியும் வாங்குவதென்றும், படவேலைக்கு ஆட்கள் தேடி வந்தபின் மற்ற அட்டையையும் நீர்க்குழாய்களையும் பார்த்துக்கொள்வதென்றும் தமையனாருக்கு எழுதியிருக்கிறான்.