கவிஞர் வாழ்ந்த வீட்டில் புத்தக வாசம்!

நாமக்கல்லுக்குப் போகிறவர்கள் 18 அடி உயர ஆஞ்சநேயரைத் தரிசித்துவிட்டு, மலைக்கோட்டையையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவார்கள். அதே ஊரில் ‘நாமக்கல் கவிஞர்’ வெ. இராமலிங்கம் பிள்ளை வாழ்ந்த வீடும் இருக்கிறது. இன்று அது அவருடைய நினைவு இல்லம்; நூலகமாகவும் இயங்குகிறது.

காவிரிக்கரை ஊரான மோகனூரில், 1888 அக்டோபர் 19-ல் பிறந்தவர் இராமலிங்கம். அப்பா போலீஸ்காரர். மகனும் காக்கி உடுத்த வேண்டும் என்பது அவர் ஆசை. மகனுக்கோ ஓவியத்தில் நாட்டம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவையொட்டி வரைந்த படத்துக்குத் தங்கப் பதக்கமே கிடைத்தது. ஆனால், மன்னருக்குப் படம் வரைந்த அதே கைதான், 1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்த தொண்டர்களுக்குப் பாட்டு எழுதித் தந்தது. 1932-ல் சிறைக்கும் போனார்.

கோவைக்காரர்களுக்கு இன்னொரு சொந்தமும் உண்டு. அவருடைய ‘மலைக்கள்ளன்’ நாவலை, எம்.ஜி.ஆர். நடிப்பில் 1954-ல் படமாக்கியது கோவை பட்சிராஜா ஸ்டுடியோ!

1949-ல் அரசவைக் கவிஞர், 1971-ல் பத்மபூஷண், 1972-ல் மறைவு. சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடம் அவர் பெயரைச் சுமக்கிறது. அங்கே போகிறவர்களுக்குப் பெயர் தெரியும்; எழுத்து தெரிந்தவர்கள் குறைவு. அந்தக் குறை தீர, அவர் வீட்டுப் புத்தக அலமாரிதான் நல்ல இடம்.

அடுத்த முறை நாமக்கல் போனால், பிள்ளைகளை அங்கேயும் அழைத்துப் போங்கள்.