முதல் வாக்கும் கட்சித் தெரிவும்

பதினெட்டு வயது நிறைந்த ஒருவரின் பெயர் வாக்காளர் இடாப்பிலே பதியப்படும்போது அவர் பெறுவது ஒரு சலுகையன்று. நாட்டின் ஆட்சியில் ஒரு பங்கு ஆகும். பங்கு சிறிது, பொறுப்போ பெரிது. நிலம் வாங்குவோன் உறுதியைப் பலமுறை படித்துப் பார்க்கின்றான். கிணறு வெட்டுவோன் ஊற்றறிந்தாரை வினாவுகின்றான். ஆனால் ஐந்தாண்டுக்கு நாட்டை எவரிடம் ஒப்புவிப்பது என்னும் வினாவுக்குப் பலர் வாக்களிப்பு நிலையத்தின் வரிசையிலே நின்றுகொண்டே விடை தேடுகின்றனர். முதன்முறை வாக்களிக்கும் இளைஞர் எக்கட்சியைத் தெரிவது என்பதிலும் பார்க்க, எங்ஙனம் தெரிவது என்பதை அறிதலே முற்பட வேண்டியது.

திருநெல்வேலி மண்ணுக்கு இவ்வுரிமையின் வரலாற்றோடு ஒரு தொடர்புண்டு. அங்கே 1921ஆம் ஆண்டிற் பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். கல்விக்கும் சைவத்துக்கும் அவர் ஆற்றிய பணி அளவிடற்கரியது. எனினும், பெண்களுக்கும், கல்வியும் சொத்தும் அற்றவர்க்கும் வாக்குரிமை விரிவதை அவர் எதிர்த்தார். அவர் 1930இல் மறைந்தார். அடுத்த ஆண்டிலேயே டொனமூர் அரசியல் யாப்பின்கீழ் இருபத்தொரு வயது நிறைந்த ஆண், பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வந்தது. 1959இல் வயதெல்லை பதினெட்டாகக் குறைந்தது. 1974இல் அக்கல்லூரி வளவிலேயே யாழ்ப்பாண வளாகம் தொடங்கி, 1979இற் பல்கலைக்கழகமாயிற்று. எவர் கையில் வாக்கு இருத்தலாகாது என்று அப்பெரியார் கருதினாரோ, அவர்தம் பேரன்மாரும் பேர்த்திமாரும் அவர் அமைத்த வளவிலே பயின்று, அங்கிருந்தே தம் முதல் வாக்கை அளிக்கச் செல்கின்றனர். அறிவிற் சிறந்தோரும் மக்களின் தகுதியைக் குறைவாக மதிப்பிடக்கூடும் என்பதற்கு இஃது ஒரு சான்று. அம்மதிப்பீடு பிழையென்று காட்டும் கடமை வாக்காளரையே சாரும்.

தெரிவு பற்றிய வினாவுக்கு முன்னே பிறிதொரு வினா எழுகின்றது. எக்கட்சியும் மனத்துக்கு உகந்ததன்றெனின் வாக்களியாது விடலாமா? இதனை யாழ்ப்பாணம் மும்முறை சோதித்துப் பார்த்துள்ளது. 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசு, புதிய யாப்புப் பூரண சுயராச்சியத்தைத் தரவில்லையென்று கூறி, அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. குறிக்கோள் உயர்ந்ததே. ஆயினும் வடபகுதியின் நான்கு ஆசனங்கள் வெறுமையாய்க் கிடக்க, சபை தன்பாட்டில் நடந்தது. 1934இல் இடைத்தேர்தல் வேண்டிப் பெறப்பட்டது. 1994ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலின்போது குடாநாட்டின் பெரும்பகுதியில் வாக்களிப்பே நடைபெறவில்லை. தேர்தல் மாவட்டத்திற் பதிவுபெற்ற வாக்காளருள் நூற்றுக்கு ஏறத்தாழ இருவரே வாக்களித்தனர். அங்ஙனமாயினும் பத்து ஆசனங்களும் நிரம்பின. அவற்றுள் ஒன்பதைப் பெற்ற குழுவுக்குக் கிடைத்த வாக்குகள் பதினோராயிரத்துக்கும் குறைவு. 2005ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் வாக்களித்தோர் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. நாடு முழுவதிலும் வெற்றியைத் தீர்மானித்த வித்தியாசமோ 1,81,000 வாக்குகளை எட்டவில்லை. மாவட்டத்திற் பதிவுபெற்றோர் தொகை அதனிலும் பன்மடங்கு.

இம்மூன்றும் ஒரு தன்மையன அல்ல. முதலாவது தாமாக எடுத்த முடிவு. பின்னைய இரண்டும் போர்க்காலத்தில், அச்சத்தின் நிழலில் நிகழ்ந்தவை. எனினும் மூன்றும் உணர்த்தும் உண்மை ஒன்றே. வாக்காளர் ஒதுங்குவதால் ஆசனம் ஒதுங்கிப் போவதில்லை; யாரோ ஒருவர் அதில் அமர்வர். ஆதலின் வாக்களியாமையும் ஒரு தெரிவே. அதன் பயனை நுகர்வோர் வாக்களியாதாரே.

இனி, கட்சி என்பது யாது? ஒத்த கொள்கையுடையோர் ஆட்சியைக் கைக்கொள்ளவோ, ஆட்சியைத் திருத்தவோ கூடும் கூட்டமே கட்சி. அது கோயில் அன்று. பரம்பரைச் சொத்தும் அன்று. 1947ஆம் ஆண்டிலே திரு. ஜீ. ஜீ. பொன்னம்பலம் தலைமையில் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசு ஏழு ஆசனங்களை வென்றது. மறு ஆண்டில் மலைநாட்டுத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தது. தலைவர் அரசாங்கத்திற் சேர்ந்து அமைச்சரானார். திரு. சா. ஜே. வே. செல்வநாயகம் முதலியோர் பிரிந்து 1949 திசெம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர். 1947இல் ஒரே கட்சிக்கு வாக்களித்தவர், ஈராண்டுக்குள் இரு கட்சிகளைக் கண்டனர்.

1952இற் காங்கேசன்துறை வாக்காளர் செல்வநாயகத்தை ஏற்கவில்லை. ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் நின்ற திரு. சு. நடேசபிள்ளையே வென்றார், அவர் திருநெல்வேலிப் பரமேஸ்வராக் கல்லூரியின் அதிபராய் விளங்கிய கல்விமான். நாடு தழுவிய கட்சியோடு நின்றால் பயன் மிகும் என்னும் நம்பிக்கை அன்று வலுப்பெற்றிருந்தது. ஆனால் அக்கட்சி 1956 பெப்ரவரியிற் களனி மாநாட்டிலே சிங்களம் ஒன்றே அரசகரும மொழி எனத் தீர்மானித்தது. அவ்வாண்டுத் தேர்தலிற் செல்வநாயகம் மீண்டார். முன்னர் இரண்டு ஆசனங்களே பெற்ற தமிழரசுக் கட்சி பத்து ஆசனங்களைப் பெற்றது. அவ்வலை வீசிய வேளையிலும் பருத்தித்துறை வாக்காளர் கம்யூனிஸ்ட் கட்சியின் திரு. பொன். கந்தையாவைத் தெரிந்தனர், அவரும் சபையிலே சிங்களம் மட்டும் மசோதாவை எதிர்த்தே பேசினார். 1970இல் நல்லூர்த் தொகுதி காங்கிரசு வேட்பாளரைத் தெரிந்தது. அவரோ வென்றபின் ஆட்சியாளரின் பக்கம் சார்ந்து, தமிழ்க் கட்சிகள் எதிர்த்த 1972ஆம் ஆண்டு யாப்புக்கு ஆதரவளித்தார்.

இவ்வரலாற்றினால் விளங்குவன சில. கட்சிகள் மாறும், அம்மாற்றத்துக்கேற்பத் தன் தெரிவை மாற்றும் வாக்காளர் நன்றி மறந்தவர் ஆகார். கட்சியை நோக்குமளவு ஆளையும் நோக்குதல் வேண்டும். ஒருவர் எப்பெயரில் நிற்கின்றார் என்பதோடு, இக்கட்டு வருங்கால் எங்கே நிற்பார் என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

கட்சியை நோக்குதல், ஆளை நோக்குதல் ஆகிய இரண்டுக்கும் தற்போதைய தேர்தல் முறை இடமளிக்கின்றது. பழைய தொகுதி முறையில் அதிக வாக்குப் பெற்ற ஒருவர் வென்றார். 1978ஆம் ஆண்டு யாப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைப் புகுத்தியது. 1989 பொதுத் தேர்தல் முதல் அது நடைமுறையில் உளது. வாக்காளர் முதலிற் கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ புள்ளடியிடுகின்றார். பின்னர் அப்பட்டியலிலே மூவர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். கட்சி வாக்கு ஆசனங்களின் தொகையைத் தீர்மானிக்கும்; விருப்பு வாக்கு அவ்வாசனங்களில் அமர்வோரைத் தீர்மானிக்கும். கட்சிக்கு மட்டும் புள்ளடியிட்டு மீள்பவர், ஆளைத் தெரியும் பாதி உரிமையைப் பிறரிடம் விட்டு வருகின்றார்.

ஆசனப் பங்கீட்டின் கணக்கைப் பலர் அறியார். 2024 நவம்பர் 14ஆம் நாள் நடைபெற்ற தேர்தலை எடுத்துக்கொள்ளலாம். கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு ஆசனங்கள். மாவட்டத்தில் முதலாவதாக வரும் பட்டியலுக்கு ஓர் ஆசனம் மேலதிகமாக வழங்கப்படும். ஐந்து வீத வாக்கைப் பெறாத பட்டியல்கள் விலக்கப்படும். எஞ்சிய பட்டியல்களின் மொத்த வாக்கை எஞ்சிய ஐந்து ஆசனங்களாற் பிரித்தபோது ஓர் ஆசனத்துக்குரிய அளவு ஏறத்தாழ 48,000 ஆயிற்று. தேசிய மக்கள் சக்தி ஏறத்தாழ 80,800 வாக்கும், தமிழரசுக் கட்சி ஏறத்தாழ 63,300 வாக்கும் பெற்றன. இரண்டுக்கும் முழு அளவின்படி ஒவ்வோர் ஆசனம். இன்னும் மூன்று ஆசனங்கள் மிச்ச வாக்குகளின் வரிசைப்படி வழங்கப்பட்டன. தேசிய மக்கள் சக்தியின் மிச்சம் 32,000க்கு மேல். தமிழ்க் காங்கிரசும் ஒரு சுயேச்சைக் குழுவும் பெற்றவை தலா 28,000 அளவில். தமிழரசுக் கட்சியின் மிச்சமோ 15,000 அளவே. ஆகவே முன்னைய மூன்றுக்கும் ஒவ்வொன்று கிடைத்தது. மேலதிக ஆசனத்தையும் சேர்த்துத் தேசிய மக்கள் சக்தி மூன்று ஆசனங்களைப் பெற, ஏனைய மூன்றும் ஒவ்வொன்று பெற்றன.

இக்கணக்கிலே மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. ஏறத்தாழக் கால்பங்கு வாக்கைப் பெற்ற கட்சி அரைப்பங்கு ஆசனங்களை அடைந்தது. காங்கிரசிலும் இருமடங்குக்கு மேற்பட்ட வாக்கைப் பெற்ற தமிழரசுக் கட்சி, காங்கிரசு பெற்ற ஓர் ஆசனத்தையே பெற்றது. நாற்பதுக்கும் மேற்பட்ட பட்டியல்கள் போட்டியிட்டமையால், செல்லுபடியான வாக்குகளிற் கால்பங்களவு ஐந்து வீதத்தைக் கடவாத பட்டியல்களிற் சிதறிற்று. இதில் எவருடைய சூழ்ச்சியும் இல்லை. சட்டத்தின் கணக்கு அது. சிறு குழுவுக்கு வாக்களிப்பது குற்றமன்று. வெல்லாதெனினும் ஒரு கொள்கைக்குச் சான்றாக நிற்க விரும்புவோர் உளர். ஆனால் அதன் பயன் இன்னதென அறிந்து அளித்தல் வேறு, அறியாது அளித்தல் வேறு.

கட்சிகளை அளந்து பார்ப்பதற்கு உரைகல் ஒன்று வேண்டும். தமிழர் மரபில் அதற்கு முன்மாதிரி உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. அங்கு வாரிய உறுப்பினர் குலுக்கலினால் தெரியப்பட்டனரேனும், குடத்தினுள் ஓலை இடப்படுவதற்கு முன்பே தகுதி ஆராயப்பட்டது. வயது, நிலம், கல்வி ஆகியன நோக்கப்பட்டன. முன்னர்ப் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவனும், அவன் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். அம்முறை எல்லார்க்கும் உரியதன்று; இக்காலத்துக்கு ஏற்புடையதும் அன்று. எனினும், கணக்குக் காட்டாதவனை மீண்டும் அமர்த்தலாகாது என்னும் நியதி என்றும் பழைமையுறாது. வள்ளுவர் தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரமே வகுத்தமையும் ஈண்டு நினைவுகூரத் தக்கது. தெளிதலுக்கு முன் தெரிதல் நிற்கின்றது.

ஆகவே முதல் வினா கணக்குப் பற்றியது. முன்பு இருந்த பதவியில் இக்கட்சி செய்தது யாது. செய்வதாகக் கூறிச் செய்யாதது யாது? இரண்டாவது அதிகாரம் பற்றியது. வாக்குறுதி, தேர்தல் நடைபெறும் சபையின் அதிகாரத்துள் அடங்குமா? ஊர் ஒழுங்கையும் சந்தையும் வடிகாலும் பிரதேச சபைக்கு உரியன. பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் பெரும்பாலும் மாகாண சபைக்கு உரியன. யாப்பு, மொழி, குடியுரிமை, வரி ஆகியன பாராளுமன்றத்துக்கு உரியன. பிரதேச சபைத் தேர்தலிலே யாப்பை மாற்றுவேன் என்பவரும், பாராளுமன்றத் தேர்தலிலே ஒழுங்கைக்குத் தார் இடுவேன் என்பவரும் வாக்காளரின் அறியாமையை நம்பியே பேசுகின்றனர். மூன்றாவது தொகை பற்றியது. 225 உறுப்பினர் கொண்ட சபையிலே ஆறு பேர் தனித்து எதையும் நிறைவேற்றல் இயலாது. அவர்கள் எவரோடு கூடுவர், எந்நிபந்தனையிற் கூடுவர், எப்பொழுது விலகுவர் என்பவற்றைத் தேர்தலுக்கு முன்பே கூறும் கட்சி நேர்மையுடையது. நாலாவது பணம் பற்றியது. வாக்களித்த நன்மைகளுக்கு வேண்டும் பணம் எங்கிருந்து வரும்?

இளைஞரைப் பெரிதும் அலைக்கழிப்பது, உரிமையா பிழைப்பா என்னும் இழுபறி. மொழி, காணி, அதிகாரப் பகிர்வு, காணாமலாக்கப்பட்டோருக்கான நீதி ஆகியவற்றை ஒரு சாரார் முன்வைக்கின்றனர். தொழில், விலைவாசி, ஊழலற்ற ஆட்சி ஆகியவற்றை மற்றொரு சாரார் முன்வைக்கின்றனர். இவை ஒன்றுக்கொன்று பகையல்ல. 1956ஆம் ஆண்டு மொழிச்சட்டம் உரிமை பற்றிய சட்டமே. அதன் அடி வீழ்ந்ததோ அரசாங்க உத்தியோகத்தை நம்பிய குடும்பங்களின் அடுப்பின்மேல். 2021இல் இரசாயன உரத்தின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது பொருளாதார முடிவே. கோப்பாய்த் தோட்டக்காரரோ கிளிநொச்சி நெற்செய்கையாளரோ அம்முடிவிலே பங்குபற்றினாரல்லர், இழப்பிலோ பங்குபற்றினர். ஆதலின் உரிமை பேசும் கட்சியிடம் பிழைப்பைப் பற்றியும், பிழைப்புப் பேசும் கட்சியிடம் உரிமையைப் பற்றியும் வினாவுதல் தக்கது. தனக்குப் பழகிய வினாவுக்கு எக்கட்சியும் நன்கு விடையிறுக்கும். பழகாத வினாவுக்குக் கூறும் விடையே அதன் உண்மையான அளவைக் காட்டும்.

ஈற்றில், தெரிவு வாக்காளருக்கே உரியதாதல் வேண்டும். தந்தை அளித்த சின்னம், ஊரார் மதிக்கும் பெரியவரின் சொல், சாதியின் பெயரால் வரும் வேண்டுகோள், வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் வரும் உறவினரின் அறிவுரை ஆகியன இளைஞரைச் சூழ்ந்து நிற்கும். அவற்றைக் கேட்பது பண்பு. கேட்டபடியே செய்வது கடமையன்று. வாக்குச்சீட்டை மறைவிடத்திலே நிரப்புமாறு சட்டம் வகுத்திருப்பது அதன் பொருட்டே. அம்மறைவிடத்திலே பிள்ளையும் இல்லை, மாணாக்கனும் இல்லை, குலமும் இல்லை. குடிமகன் ஒருவனே, குடிமகள் ஒருத்தியே உளர்.

அளித்த வாக்குப் பிழைபடவுங் கூடும். 1947இலும் 1952இலும் 1970இலும் அறிவுடையோரே வாக்களித்தனர்; அவருட் பலர் ஏமாற்றமும் அடைந்தனர். ஆராய்ந்து அளித்த வாக்குப் பிழைத்தால் அதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கும். அடுத்த தேர்தலில் அது பயன்படும். ஆராயாது அளித்த வாக்குச் சரியாக அமைந்தாலும் கற்பிப்பது யாதொன்றுமில்லை. ஆதலின், ஐந்தாண்டுகளின் பின் தம் முதல் வாக்கை நினைக்கும்போது, அதனை அளித்த காரணத்தைத் தமக்குத்தாமே எடுத்துரைக்கக்கூடியவரே அவ்வுரிமையைச் செவ்வனே பயன்படுத்தியவர் ஆவர்.