ஒரு குண்டும் 436 உயிர்களும்

திருவண்ணாமலையில் பள்ளியில் படித்த நாட்களில் எனக்குத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தவர்கள் வேட்டைக்கதை எழுத்தாளர்களான ஜிம் கார்பெட்டும் கென்னத் ஆண்டர்சனும். கார்பெட்டின் 'குமாயுன் புலிகள்' தி.ஜ.ர.வின் தமிழில் கிடைத்தது. ஆண்டர்சனை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். பெங்களூர்க்காரர், தமிழ் பேசுவார். அவர் கதைகளில் வரும் பென்னாகரமும் ஜவளகிரியும் செங்கம் வழியாகப் பஸ் ஏறினால் போய்விடக்கூடிய ஊர்கள். காட்டைத் தனக்குக் கற்றுத் தந்தவர் பைரா என்ற பூசாரிதான் என்று மறைக்காமல் எழுதியதற்காக அவர்மீது எனக்குத் தனி மரியாதை.

கார்பெட் சிறுவனாக இருந்தபோது கிடைத்த முதல் துப்பாக்கி, பித்தளைக் கம்பி சுற்றிய பழைய இரட்டைக்குழல். அதில் ஒரு குழல் பிளந்திருந்தது. நம் ஜவ்வாது மலை நாட்டுத் துப்பாக்கி மாதிரியே குழல் வாயில் மருந்தைப் போட்டு இடிக்க வேண்டும். அடுத்த வெடிக்கு நேரம் பிடிக்கும் என்பதால், பார்த்துத்தான் சுட வேண்டும்.

1930-இல் ஆட்கொல்லியான சௌகட் பெண்புலி சில அடி தூரத்தில் படுத்திருந்தபோது கார்பெட்டின் இடது கையில் பக்கிப் பறவையின் முட்டைகள் இரண்டு. வலது கையால் மட்டும் துப்பாக்கியை மெல்ல, மிக மெல்லத் திருப்பினார். கை காலியாக இருந்திருந்தால் வெடுக்கென்று திரும்பியிருப்பேன், புலியும் பாய்ந்திருக்கும் என்கிறார். புலியைச் சுட்டு வீழ்த்திய பிறகு முட்டைகளை எடுத்த இடத்திலேயே திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

ஆனால் என்னை உலுக்கியது சம்பாவத் புலியின் வாய். நேபாளத்திலும் குமாயுனிலுமாக 436 பேரைக் கொன்ற அந்தப் பெண்புலியை 1907-இல் வீழ்த்திய பிறகு கார்பெட் பார்க்கிறார்: வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருக்கின்றன. எப்போதோ யாரோ சுட்ட குண்டு. வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர் பக்கம் திரும்பியது. சுட்டவர் யாரென்று யாருக்கும் தெரியாது. விலை கொடுத்தவர்களில் பலர், புல் அறுக்கவும் விறகு பொறுக்கவும் போன பெண்கள்.

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக் காலம் முடிந்தது. ஆனாலும் காட்டுப்பன்றிக்கென்று வைத்திருக்கும் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகள் நம் மலையடிவாரங்களில் இன்னும் பிடிபடுகின்றன. குண்டடி பட்டுப் புதருக்குள் படுத்த பன்றியின் எதிரே மறுநாள் போய் நிற்பவர் ஆடு மேய்ப்பவராகத்தான் இருப்பார். மலைக் கிராமக் கூட்டங்களில் சட்டத்தையும் தண்டனையையும் சொல்லும் வனத்துறையினர், சம்பாவத் புலியின் பல்லைப் பற்றிய அந்தப் பக்கத்தையும் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும்.