கை பழகிய விமானம்

வேலூர் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஹைவேயில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஆம்பூரில் ஷூ பெட்டி ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகம் போகும் லாரி டிரைவர் இன்று டாடா ஓட்டுவார், நாளை லேலண்டு ஓட்டுவார். கனரக லைசென்ஸ் ஒன்று இருந்தால் போதும்.

விமானிக்கு அந்தச் சலுகை கிடையாது. சென்னையிலிருந்து டெல்லிக்கு ஏர்பஸ் ஏ320 ஓட்டும் இண்டிகோ கேப்டன், பக்கத்திலேயே நிற்கும் சேலம் விமானத்தைத் தொட முடியாது. அது ஏடிஆர் 72, விசிறி சுழலும் ரகம். நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்தால் கமர்ஷியல் லைசென்ஸ் கிடைக்கும். ஆனால் ஏர்பஸ், ஏடிஆர் என்று ஒவ்வொரு ரகத்துக்கும் தனியாக வகுப்பு, சிமுலேட்டர், தேர்வு எல்லாம் முடித்து ‘டைப் ரேட்டிங்’ வாங்க வேண்டும். வாங்கியபின்பும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பார்கள்.

இத்தனை கெடுபிடிக்குக் காரணம், கை. ஏ320-ல் கேப்டனின் இடது கைப்பக்கம் வீடியோ கேம் குச்சி மாதிரி ஒன்று இருக்கும், அவ்வளவுதான். முன்னால் காலியாக இருக்கும் இடத்தில் பலகையை இழுத்து வைத்துச் சாப்பிடலாம். போயிங் 737-ல் அதே இடத்தில், முழங்கால்களுக்கு நடுவே, பெரிய கைப்பிடி நிற்கும். அந்த விமானத்தில் தானியங்கி வேகத்தைக் கூட்டினால் இன்ஜின் விசைக்கான நெம்புகோலும் கூடவே நகரும். பார்க்காமலே கைக்குத் தெரிந்துவிடும். ஏர்பஸ்ஸில் நெம்புகோல் அசையாது, கண்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆபத்தில் யோசனையை முந்திக்கொண்டு கை ஓடும். அது பழைய விமானத்தின் இடத்துக்கு ஓடினால்?

யாருக்கு எந்த ரகம் என்பதைக் காலியிடமும் சீனியாரிட்டியும் முடிவு செய்கின்றன. அமெரிக்காவில் விமானிகளே விண்ணப்பிப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த தேதியில் முந்தியவருக்குத்தான் முதல் பந்தி. இங்கே பெரும்பாலும் கம்பெனி சொல்வதுதான். பெரிய விமானத்தில் ஒருவர் ஓய்வு பெற்றால் ஏ320-லிருந்து ஒருவர் மேலே போவார், அவர் இடத்துக்கு ஏடிஆரிலிருந்து ஒருவர், அங்கே புதிதாக ஒருவர். நாற்காலி ஒன்று காலியானதற்கு மூன்று பேருக்குப் பயிற்சிச் செலவு.

அந்தச் செலவைக் குறைக்கத்தான் ஏர்பஸ் ஏ318 முதல் ஏ321 வரை ஒரே மாதிரி காக்பிட் வைத்தது. நீளத்தில் 13 மீட்டர் வித்தியாசம் இருந்தும் ரேட்டிங் ஒன்றே. நல்ல யோசனைதான். போயிங் இதே வழியில் எல்லை மீறியது. 737 மேக்ஸுக்கும் பழைய ரேட்டிங்கே போதும் என்று விற்றது. சிமுலேட்டர் பயிற்சி தேவைப்பட்டால் விமானத்துக்குப் பத்து லட்சம் டாலர் தள்ளுபடி என்று சவுத்வெஸ்ட் கம்பெனிக்கு வாக்கும் கொடுத்திருந்தது. மூக்கைத் தானாகக் கீழே அழுத்தும் மென்பொருள் ஒன்று அதில் இருப்பதை விமானிகளின் கையேடு சொல்லவில்லை. 2018 அக்டோபரில் இந்தோனேசியா, 2019 மார்ச்சில் எத்தியோப்பியா. இரண்டு விபத்துகளிலுமாக 346 பேர் இறந்தார்கள்.

வேலூருக்கும் உடான் திட்டத்தில் அப்துல்லாபுரம் ஓடுபாதை உண்டு, சிறு விமானங்களுக்கு மட்டும். சத்துவாச்சாரிக்காரர் ஒருவர் ஏர்பஸ் கேப்டனாகவே இருந்தாலும், அந்தச் சிறு விமானத்தில் ஊருக்கு வருவதென்றால் டிக்கெட் எடுத்து ஜன்னலோர சீட்டில்தான் வர வேண்டும்.